இருபத்து மூன்றாம் எண் செருப்பு

1

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மருந்துக் கடையில் என் இடத்தை ஒரு மூதாட்டியிடம் ஒப்படைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் பால் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது மூதாட்டி இல்லை. இடமும் இல்லை. இரண்டும் இருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு காவலாளி நின்றிருந்தார்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதில் என்ன தப்பு என்று புரியாது. எனக்கும் புரியவில்லை.

பின்லாந்தில், இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் இந்த ஊரில் எதற்கும் எண்சீட்டுதான். வாசலில் ஒரு சின்ன எந்திரம் காகித நாக்கை நீட்டும். கிழித்துக்கொண்டு போய் உட்கார வேண்டும். சுவரில் சிவப்பு எண்கள் மாறும். யாருக்கு அடுத்து யார் என்பது மனிதர்களுக்குத் தெரியாது. எந்திரத்துக்குத் தெரியும், அது போதும். அன்று என் கையில் எண்பத்தேழு, சுவரில் எழுபத்தொன்று. நடுவில் பதினாறு பேருடைய இருமலும் மூட்டுவலியும் கிடக்கிறது. ஒரு பால் வாங்கி வர எவ்வளவு நேரமாகிவிடும்?

பெஞ்சில் பக்கத்திலிருந்த மூதாட்டியிடம் என் ஐந்து வருடத்து பின்னிஷ் மொழியையெல்லாம் திரட்டி, "நான் வரிசையில் இருக்கிறேன். இதோ வந்துவிடுவேன். இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். சொல்ல நினைத்தது அது. வாயிலிருந்து விழுந்தது, "நானே வரிசை. வந்துவிடுவேன். என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பது போல ஏதோ என்று பிற்பாடு என் மகள் விளக்கினாள். மூதாட்டி கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அடையாளத்துக்கு இடது கையுறையைக் கழற்றி, நான் இருந்த இடத்தில் அதை உட்காரவைத்துவிட்டுப் போனேன்.

அந்தக் கையுறையைத்தான் காவலாளி இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"இது உங்களுடையதா?"

"ஆமாம்."

"ஏன் இங்கே இருந்தது?"

"நான் இங்கே இல்லாததால்."

அவர் யோசித்தார். இந்த நாட்டில் யாரும் அவசரப்பட்டு யோசிப்பதில்லை. பிறகு கையுறையைத் தந்துவிட்டுச் சுவரைக் காட்டினார். தொண்ணூறு. நான் கடந்து போயிருந்தேன். புதிதாக ஒரு நாக்கைக் கிழித்தேன்: நூற்றுப் பன்னிரண்டு. வாங்கிவந்த பால் டப்பா மடியில் சில்லென்றிருக்க, கைபேசியைத் திறந்தேன். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது.

2

கடிதத்துக்கு முன்னால் என்னைச் சொல்லிவிட வேண்டும்.

என் பெயர் நூர்ஜகான். திண்டுக்கல் பேகம்பூர்க்காரி. கணவர் ஜமாலுக்கு இங்கே ஒரு காகித ஆலையில் வேலை கிடைத்ததால் வந்தோம். வந்த இடத்தில், நாற்பத்தொரு வயதில், சும்மா இருக்க முடியாத என் கால்கள் என்னை முனைவர் படிப்பில் கொண்டுபோய் விட்டன. இயக்க மேலாண்மை என்பது துறையின் பெயர். ஆலையோ ஆஸ்பத்திரியோ கடையோ, தடங்கல் இல்லாமல் ஓட என்ன செய்யலாம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிற படிப்பு. அதில் எனக்குக் கிடைத்த மூலை, வரிசைகள். மனிதர்கள் எவ்வளவு நேரம் நிற்பார்கள், எந்த நிமிடத்தில் பொறுமை உடைந்து வெளியேறுவார்கள், ஒருவர் வெளியேறினால் மற்றவர்களுக்கு என்ன ஆகும்.

ஊரில் தம்பியோடு இருக்கும் அம்மாவிடம் இதைப் போனில் விளக்கினேன்.

"காத்துக்கிட்டு நிக்கிறதப் பத்திப் படிக்கிறேம்மா."

"அதுக்கு அம்புட்டுத் தூரம் போகணுமாடி? இங்ஙன ரேசன் கடையில நின்னாப் பத்தாதா?"

எரிச்சலில் சொன்னது. ஆனால் என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம், அதாவது அதன் முதுகெலும்பு, அந்த ஒரு வரியிலிருந்துதான் கிளம்பியது.

பட்டம் வாங்கினால் இங்கே கறுப்பு உயரத் தொப்பி ஒன்றும் வாள் ஒன்றும் தரித்துக்கொண்டு ஊர்வலம் போகலாம். நிஜ வாள். அதைச் சாணை பிடிப்பதற்கென்று தனியாக ஒரு சடங்கே உண்டு. அம்மாவிடம் அதையும் சொல்லித் தொலைத்தேன்.

"வாளா? பொம்பளப் பிள்ளைக்கு வாள் எதுக்குடி?"

பின்னாலிருந்து என் தம்பி சாதிக்கின் குரல்: "அதத் தூக்கிக்கிட்டு நேரா திண்டுக்கல் வந்துறாதக்கா. ஸ்டேசன்லயே புடிச்சு உக்கார வச்சுருவாய்ங்க."

அப்போது சிரித்தோம். பிறகு ஜமாலின் ஆலை மூடப்பட்டது. இந்த நாட்டில் இருக்க அனுமதி என்பது ஒரு நாற்காலி என்றால், அவருடைய நாற்காலி போய்விட்டது. இப்போது அவரும், பதினான்கு வயது மகள் ஆயிஷாவும், நானும் உட்கார்ந்திருப்பது என் ஆராய்ச்சி அனுமதியின் மேல். நான்காம் அத்தியாயம் நின்றால் பட்டம் நிற்கும். பட்டம் நின்றால் நாங்கள் நிற்போம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். ஆயிஷாவுக்கு மூட்டை கட்டுவது என்றால் என்னவென்றே தெரியாது. அவள் இங்கே ஏரி உறைந்தால் அதன் மேல் நடந்து பள்ளிக்கூடம் போகிறவள்.

3

நான்காம் அத்தியாயத்தில் மனிதர்கள் கிடையாது. செருப்புகள்தான்.

எங்கள் தெரு ரேஷன் கடைக்கு லோடு வந்துவிட்டது என்று தெரிந்ததும், விடிந்தும் விடியாமலும் ஒரு வரிசை முளைக்கும். ஒற்றைச் செருப்பு, அதன் பின்னால் மஞ்சள் பை, அதன் பின்னால் இன்னொரு ஒற்றைச் செருப்பு. ஜோடியாக வைத்தால் எவராவது போட்டுக்கொண்டு போய்விடுவார். ஒற்றைச் செருப்பை எந்தத் திருடன் எடுப்பான்? இதற்கென்றே ஒவ்வொரு வீட்டிலும் துணையை இழந்த ஒரு பழஞ்செருப்பு கதவுக்குப் பின்னால் இருக்கும். அதை வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள்.

சும்மா வைத்துவிட்டுப் போக முடியாது. பின்னால் நிற்கிறவரிடம், "செத்த பாத்துக்கங்க, வந்துருவேன்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைதான் சீட்டு, முத்திரை, பத்திரம் எல்லாம். சொல்லிவிட்டால், கடை திறந்து வரிசை நகர நகர, பின்னால் இருப்பவர் தன் செருப்பை நகர்த்தும்போது முன்னால் இருப்பதையும் காலால் ஒரு தள்ளு தள்ளுவார். ஆள் வெங்காயப் பேட்டையில் இருப்பார், இடம் நகர்ந்துகொண்டே இருக்கும். யாரும் இதை யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. யாரும் மீறியும் நான் பார்த்ததில்லை. தெருவே நின்றுகொண்டிருக்கும், தெருவில் ஒருவரும் நின்றுகொண்டிருக்க மாட்டார்கள்.

என் வழிகாட்டி பேராசிரியர் பெக்கா. வருடத்துக்கு நான்கு முறை பேசுவார். நான் கொண்டுபோய்க் காட்டிய படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"வாடிக்கையாளர்கள் எங்கே?"

"வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்."

"அப்படியென்றால் இது வரிசை இல்லையே."

"வரிசைதான். ஆள் மட்டும்தான் இல்லை."

ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தார். அந்த வருடத்துப் பேச்சில் பாக்கி இருந்ததையெல்லாம் சேர்த்து ஒரே சொல்லாகச் சொன்னார்: "எழுது."

எழுதுவதற்குத் தரவு வேண்டும். சென்ற ஜூனில் ஊருக்குப் போனேன். சாதிக் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடை, ரேஷன் கடைக்கு நேர் எதிரே. அதன் கல்லாவுக்கு மேல் ஒரு பழைய போனைக் கட்டிவைத்து, நான் கிளம்பிய பிறகு ஆறு வாரம், தரையில் இருக்கும் வரிசையை மட்டும் பதிவு செய்ய ஏற்பாடு செய்தேன். "கேமரா அசையக் கூடாதுடா" என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். கிளம்பிய நாளின் அல்லோலகல்லோலத்தில் தம்பி பெண்டாட்டியின் செருப்பை மாட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டேன். அதை அவள் இன்னமும் சொல்லிக் காட்டுகிறாள்.

4

படங்கள் வந்ததும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒரு நிபந்தனை போட்டது. செருப்பை வைத்து ஆளை அடையாளம் காண வாய்ப்புண்டு. ஆகவே எல்லாச் செருப்புகளையும் மங்கலாக்க வேண்டும், எண் கொடுக்க வேண்டும், மூலப் படங்களை அழித்துவிட வேண்டும்.

எனக்கு இந்த வித்தையெல்லாம் வராது. ஆயிஷா செய்து தந்தாள். சோபாவில் மடிக்கணினியோடு சம்மணமிட்டு உட்கார்ந்து, மூன்று வாரம், செருப்புகளின் மேல் பனியை ஊதினாள்.

"அம்மா, முகத்தத்தானே மறைக்கணும். செருப்புக்கு முகம் எது?"

"எல்லாத்தையும் மறைச்சிரு."

"பையையும் மறைக்கணுமா? பை மேல ஜவுளிக்கடை பேர் இருக்கு."

"மறைச்சிரு. யார் செருப்பு எதுன்னு நீ பாத்தாலும் யார்ட்டயும் சொல்லக் கூடாது. எங்கிட்டகூட."

"சரி" என்றாள். இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளை 'சரி' என்றால் அது சரிதான். நம் ஊர்ச் 'சரி' மாதிரி அதற்குப் பின்வாசல் கிடையாது.

கடைசியில் நாற்பத்தொரு மங்கல் கட்டைகள் கிடைத்தன. ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை. முதல் நாள் காலையில் எந்த வரிசையில் இருந்தனவோ அந்த வரிசைப்படி எண். நாற்பது கட்டைகள் ஒழுங்காக நடந்துகொண்டன: வந்தன, நகர்ந்தன, ஆள் வந்தது, கைரேகை வைத்தது, அரிசி வாங்கியது, போனது. இருபத்து மூன்றாம் எண் மட்டும் போகவே இல்லை.

வரிசையோடு நகரும். கடையின் வாசலைத் தொடும். ஆள் வராது. பின்னால் இருப்பவர் அதை மரியாதையாக ஓரமாக எடுத்து வைத்துவிட்டுத் தன் பருப்பை வாங்கிக்கொண்டு போவார். அடுத்த முறை வரிசை கூடும்போது எவரோ ஒருவர் அதைக் கொண்டுவந்து மறுபடி நிறுத்துவார். ஆறு வாரம். என் சூத்திரங்கள் எல்லாம் அந்தக் கட்டையில் முட்டி விழுந்தன. காத்திருப்பு நேரம் முடிவிலி என்றால் சராசரி என்ன?

"அதை நீக்கிவிடலாமா?" என்று பெக்காவிடம் கேட்டேன்.

"வரிசையில் ஒருவரை நீக்கினால் பின்னால் உள்ள எல்லாரும் ஒரு இடம் முன்னால் வந்துவிடுவார்கள். அது நடக்கவில்லையே" என்றார். நியாயம்.

ஆகவே இருபத்து மூன்றுக்காகவே பதினோரு பக்கம் எழுதினேன். 'எல்லையற்ற பொறுமை கொண்ட நுகர்வோர்' என்று தலைப்பு வைத்தேன். அவரைப் பற்றி மூன்று கருதுகோள்கள், ஒரு வரைபடம். எனக்கு அவர் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. பேருந்து இரண்டு நிமிடம் தாமதமானால் நடக்க ஆரம்பித்துவிடுகிறவள் நான். இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று ஏரிக்கரையில் நடந்துகொண்டே யோசிப்பேன். ஏன் மனுஷி என்று தோன்றியதோ தெரியாது.

5

இனி அந்தக் கடிதம்.

ஆய்வேட்டை முன்கூட்டியே வாசித்த வெளிப் பேராசிரியர் ஒருவர் கேட்டிருந்தார்: இவை செருப்புகளா, மனிதர்களா? செருப்புகள்தான் என்றால் இது வரிசை ஆய்வு ஆகாது. மனிதர்கள் என்றால், அவர்களுடைய சம்மதக் கையெழுத்து எங்கே?

குழு இரண்டு வாரம் கெடு வைத்தது. நாற்பத்தொரு செருப்புகளின் உரிமையாளர்களும் கையெழுத்திட வேண்டும். ஒன்று குறைந்தாலும் அத்தியாயம் எடுக்கப்படும்.

சம்மதப் படிவத்தைத் தமிழில் நானே எழுதினேன். 'இந்த ஆய்வின் நோக்கம் எனக்குப் புரிகிற மொழியில் விளக்கப்பட்டது. நான் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்பதை அறிவேன்.' எழுதி சாதிக்குக்கு அனுப்பினேன். அவன் நாற்பத்தொரு பிரதி எடுத்துக்கொண்டு, மங்கல் படங்களையும் ஒரு தாளில் அச்சடித்துக்கொண்டு, கடை வாசலில் இறங்கினான்.

முதல் நாள் போன் செய்தான். "அக்கா, இருபத்திரண்டு பேரு போட்டாச்சு. சர்ருன்னு போச்சு."

"மீதி?"

"மீதி போட மாட்டேங்கிறாய்ங்க."

"ஏன்டா? பயப்படுறாங்களா?"

"அதெல்லாம் இல்ல. இருபத்தி நாலு யாருன்னா நம்ம பஞ்சவர்ணக்கா. அது என்னா சொல்லுதுன்னா, எனக்கு முன்னாடி இருக்கிற ஆளு போடாம நா எப்பிடிப் போடுறதுங்குது. அது போடாம இருபத்தஞ்சு போட மாட்டேங்குது. இருபத்தஞ்சு போடாம…"

"டேய், இது கையெழுத்துடா! ரேசன் அரிசியா, முறை வச்சுப் போடுறதுக்கு?"

"நா சொல்லிப் பாத்துட்டேன். வருசையில உள்ளவுகளுக்குத்தானப்பா காகிதம், அப்ப வருசையாத்தான போடணும்ங்கிறாய்ங்க. பேச முடியல."

பதினெட்டுக் கையெழுத்துகள் ஒரு மங்கல் கட்டைக்குப் பின்னால் நின்றன. ஐந்து வருடம் படித்த கோட்பாடு முழுக்க என்னைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது. சேவையாளர் தயார், வாடிக்கையாளர் தயார், பேனா தயார். முன்னால் இருப்பவர் இல்லை.

"இருபத்தி மூணு யாருன்னு கேட்டியா?"

"பஞ்சவர்ணக்காட்டக் கேட்டா, தெரியாத மாதிரிக் கேக்காதப்பான்னு மொறைக்குது. மத்தவுகட்டப் படத்தக் காட்டிக் கேட்டேன். பனியா இருக்கு, ஒண்ணும் தெரியலங்கிறாய்ங்க. எனக்கும் தெரியலக்கா. கொழுக்கட்ட மாதிரி இருக்கு."

6

பத்து நாள் இப்படியே போனது. ஜமால் சமையலறையில் ரசத்தைக் கிண்டிக்கொண்டே, ரசத்தை எதற்குக் கிண்டுகிறோம் என்று தெரியாமல் கிண்டிக்கொண்டு, "ஊருக்குப் போனா என்ன வேலை பாக்கலாம்?" என்று என்னைப் பார்க்காமல் கேட்டார். ஆயிஷா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இங்கே பிள்ளைகள் கதவை அறைந்து சாத்த மாட்டார்கள். மெதுவாகச் சாத்துவார்கள். அது இன்னும் மோசம்.

நான் குழுவுக்கு எழுதினேன்: இருபத்து மூன்றாம் நபர் கண்டுபிடிக்க முடியாதவராக இருந்தால் என்ன செய்வது? பதில் வந்தது: கண்டுபிடிக்கவும்.

கெடுவுக்கு முந்தைய நாள், வியாழக்கிழமை காலை, சாதிக்கிடம் சொன்னேன், "பஞ்சவர்ணக்காவையே போன்ல காட்டு."

பஞ்சவர்ணக்கா பேட்டையில் சின்ன வெங்காயம் தரம் பிரிக்கிறவர். எனக்குப் பத்து வயது மூத்தவர். நேராக வேலையிலிருந்து வந்திருந்தார். தலையில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. திரையில் என்னைப் பார்த்ததும் முகம் மலரவில்லை. அதட்டத்தான் செய்தார்.

"ஏ நூரு! எங்கிட்டுப் போய்த் தொலஞ்ச நீயி?"

"நா இங்கதான் இருக்கேன். அக்கா, ஒரு கையெழுத்துத்தானே, போட்டா என்ன? எனக்குப் படிப்பே போயிரும்."

"போடுறதுக்கென்ன. எனக்கு முன்னாடி உள்ளது மொதல்ல போடட்டும், மறுநிமிசம் நா போடுறேன்."

"அந்த முன்னாடி உள்ளது யாருன்னுதானக்கா பத்து நாளாத் தேடுறேன்!"

பஞ்சவர்ணக்கா திரைக்கு நெருக்கமாக முகத்தைக் கொண்டுவந்தார். எனக்குக் காய்ச்சலா என்று பார்க்கிற பார்வை.

"யாருன்னா தேடுற? நீதான்டி அது!"

7

சென்ற ஜூனில் நான் ஊரைவிட்டுக் கிளம்பிய நாள் அப்போதுதான் மொத்தமாகத் திரும்பி வந்தது.

அம்மாவின் குடும்ப அட்டையில் என் பெயர் இன்னும் இருந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருடமாகியும் நீக்க யாரும் போகவில்லை. பெயரை எடுக்க வேண்டுமென்றால் அந்த ஆளே நேரில் வந்து சொல்லட்டும் என்று கடை சேல்ஸ்மேன் சொல்லியிருந்தார். ஒருத்தி இங்கே இல்லை என்பதை அவளே வந்து நின்று சொல்ல வேண்டும். விமானம் அன்று மாலை மதுரையிலிருந்து. காலையில் போய்விட்டு வந்துவிடலாம் என்று ஓடினேன். கதவுக்குப் பின்னால் இருக்க வேண்டிய பழஞ்செருப்பை அடுத்த வீட்டில் இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். ஆகவே என் காலில் கிடந்த ஒன்றைக் கழற்றி வைத்தேன்; இங்கே பின்லாந்தில் வாங்கிய கனத்த பழுப்புச் செருப்பு. பின்னால் பஞ்சவர்ணக்கா. சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். "செத்த பாத்துக்கக்கா, வந்துருவேன்."

வீட்டுக்குப் போனதும் பெட்டி மூடவில்லை, மூடியதும் எடை கூடிவிட்டது, அதற்குள் கார் வந்துவிட்டது. வாசலில் கிடந்ததை மாட்டிக்கொண்டு ஏறினேன்.

"அக்கா, பத்து மாசமாச்சே… இன்னுமா?"

"நீதான வந்துருவேன்னு சொன்ன. எடத்த விட முடியுமா? மழை பேஞ்சா உள்ள எடுத்து வைப்போம். ஒருதடவ நாய் தூக்கிட்டுப் போயிருச்சு, பேட்ட முக்கு வரைக்கும் வெரட்டிப் போயி வாங்கிட்டு வந்தோம்."

"சாதிக்கிட்ட குடுத்திருக்கலாமே."

"அவங்கிட்ட எதுக்குக் குடுக்கணும்? அவனா எடம் போட்டான்?"

சாதிக் திரைக்குள் தலையை நுழைத்தான். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, அந்தப் பழுப்புச் செருப்பா? அது ஆராய்ச்சிக்கு நீ வச்சிட்டுப் போனதுன்னுல்ல நெனச்சேன்! எவனும் தொடக் கூடாதுன்னு நானே ரெண்டு பேரச் சத்தம் போட்டேனே."

"பின்ன படத்தக் காட்டுறப்ப சொல்ல வேண்டியதுதானே?"

"படத்துல எங்க தெரியுது? கொழுக்கட்டயா இருக்குன்னு சொன்னேன்ல?"

பின்னால் ஆயிஷாவின் அறைக் கதவு திறந்தது. இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எனக்கு மொதல்லயே தெரியும்."

"என்னது?"

"மறைக்கும்போதே பாத்தேன். உன் செருப்பு. நாமதானே சேர்ந்து போய் வாங்கினோம்."

"ஏன்டி சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்ன? உன்கிட்டகூட."

ஜமால் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றார். மாதக்கணக்கில் சிரிக்காத மனிதர், கரண்டியால் என்னைச் சுட்டிக்காட்டி, "எல்லையற்ற… பொறுமை…" என்று தொடங்கினார். முடிக்க முடியவில்லை. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

8

படிவத்தில் கையெழுத்திட்டு உடனே அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் குழுவின் பதில் வந்தது. ஆய்வாளரே பங்கேற்பாளராக இருப்பதற்குத் தடையில்லை. ஆனால் ஆய்வாளர் தனக்குத் தானே விளக்கிச் சம்மதம் பெற முடியாது, நலமுரண் உண்டு. வேறொருவர் அவருக்கு ஆய்வை விளக்கி, அவருக்குப் புரிந்ததா என்று கேட்டு, பதிவு செய்ய வேண்டும்.

அதே வியாழக்கிழமை, ஊரில் வெயில் சாயும் நேரம், சாதிக் ஜெராக்ஸ் கடை ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, நான் எழுதிய தமிழை எனக்கே வாசித்தான். எழுத்துக் கூட்டி, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பவனைப் போல. அவனுக்குப் பின்னால் பதினெட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். அன்று நிஜமாகவே நின்றார்கள், செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு. வேடிக்கை பார்க்க அம்மாவும் வந்திருந்தாள்.

"இந்த ஆய்வின் நோக்கம், வரிசையில் காத்திருப்போர் இல்லாதபோதும் அவர்தம் இடம் எவ்வாறு காக்கப்படுகிறது என்பதை அறிவதாகும்… புரிஞ்சுச்சாக்கா?"

"புரிஞ்சுச்சு."

"புரியாட்டி சொல்லு. திரும்ப வாசிக்கணும்னு எழுதியிருக்கு."

"புரிஞ்சுச்சுடா."

"பங்கேற்பாளர் எப்போது வேண்டுமானாலும், காரணம் கூறாமல், ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம்." வாசித்துவிட்டு நிமிர்ந்தான். அடுத்தது கேள்வி, அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவனுக்கு அது சங்கடமாக இருந்தது. "வெலகுறியாக்கா?"

அறுபத்தாறு வார்த்தை கொண்ட அந்தப் படிவத்தை எழுதும்போது அந்த வரியில்தான் நான் ஒரு விநாடிகூட நிற்கவில்லை. எல்லாப் படிவத்திலும் இருக்கிற வரி. இப்போது அது தெருவின் நடுவே, ஏரியின் நடுவே, இரண்டுக்கும் இடையில் கம்பியில் காயும் துணியாக ஆடியது. விலகுகிறேன் என்றால் படிப்பு போகும், எல்லாம் போகும், அது தெரிந்ததுதான். விலகவில்லை என்றால்?

கூட்டத்திலிருந்து பஞ்சவர்ணக்கா குரல் கொடுத்தார். "அது இருக்கட்டும்ப்பா. செருப்ப என்ன பண்ணச் சொல்லுறா, அதக் கேளு. எடுத்துறவா? வைக்கவா?"

அம்மா புடவைத் தலைப்பின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். வாளைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டவள்.

"இல்ல, வெலகல" என்றேன். சாதிக் அந்தக் கட்டத்தில் டிக் போட்டான்.

"செருப்பு?" என்றார் பஞ்சவர்ணக்கா, விடாமல்.

"இருக்கட்டும்க்கா. செத்த பாத்துக்க. வந்துருவேன்."

"இதத்தான் அன்னைக்கும் சொன்ன" என்று முணுமுணுத்துக்கொண்டே குனிந்து பேனாவை வாங்கினார். இருபத்து நான்கு. அவருக்குப் பின்னால் இருபத்தைந்து. அதற்குப் பின்னால் வரிசை கலகலவென்று நகர்ந்தது. சிரிப்பும் ஏச்சுமாகப் பதினெட்டுக் கையெழுத்துகள் கால் மணி நேரத்தில் விழுந்து முடிந்தன.

மறுநாள் வெள்ளிக்கிழமை குழு அத்தியாயத்தை ஏற்றுக்கொண்டது. ஒரே ஒரு திருத்தம் கேட்டார்கள்: இருபத்து மூன்றாம் நபரின் காத்திருப்பு நேரத்தை முடிவிலி என்று எழுதக் கூடாது. 'இன்னும் முடியவில்லை' என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன். வாளுக்கு அளவெடுக்க அழைப்பும் வந்திருக்கிறது. அதற்கு எண்சீட்டு உண்டாம். கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன், இதை உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை போனை வைக்கும் முன் சாதிக், பார்த்துக்கொள் என்பது போல, கேமராவைத் தரைப்பக்கம் திருப்பிக் காட்டினான். பத்து மாத வெயிலில் நிறம் போய், வார் ஒரு பக்கம் சுருண்டு, முன்பக்கம் நாய் கடித்த தழும்போடு நின்றது அது. இந்தத் தடவை மங்கலாக இல்லை. பஞ்சவர்ணக்காவின் கால் திரைக்குள் வந்தது. பெருவிரலால் ஒரு தள்ளு.

சோபாவில் உட்கார்ந்தபடியே நான் அரையடி முன்னால் போனேன்.